நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர்

1

இரண்டு கிழமைக்கு முன் ஒரு வியாழக்கிழமை மகளின் பள்ளிக்கூடப் பையைத் துப்புரவாக்கும்போது ஒரு படிவம் அகப்பட்டது. குளிர் உடுப்பு வாங்க வசதியில்லாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மேலங்கியும் சப்பாத்தும் இலவசமாகத் தருகிறார்களாம், அதற்கான விண்ணப்பம். வீட்டில் எத்தனை பேர், வேலை செய்பவர்கள் எத்தனை பேர், பிள்ளையின் உயரம், விரும்பும் நிறம் என்று பெட்டி பெட்டியாகக் கேட்டிருந்தது. மேலே ஒட்டியிருந்த மஞ்சள் துண்டில் ஆசிரியையின் கையெழுத்து: அபி காலையில் வரும்போது அவளுடைய கைகள் ஐஸ் போல இருக்கின்றன, கூச்சப்படாமல் நிரப்பி அனுப்புங்கள்.

அபிக்கு நாலு வயது. அலுமாரியில் அவளுக்கு இரண்டு குளிர் மேலங்கிகள் தொங்குகின்றன. ஒன்றில் விலைச்சீட்டுக்கூட இன்னும் கழற்றவில்லை. கம்பளிக் கையுறை மூன்று சோடி உண்டு. அவளுடைய கை குளிர்ந்ததற்குக் காரணம் எங்கள் கார். சரியாகச் சொன்னால், அந்தக் காரை ஓட்டுகிற நான்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், ரொறன்ரோவில் இருக்கிறவளுக்கு இதுவும் ஒரு கவலையா என்று நினைக்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

2

வைகாசி மாதம் கார் வாங்கினோம். நாலு வருடம் வேறு யாரோ ஓட்டிய கார், எங்களுக்குப் புதிது. ஹைபிரிட் என்று சொல்கிறார்கள். பெற்றோல் எஞ்சினும் இருக்கிறது, மின்சார மோட்டாரும் இருக்கிறது. என் கணவர் வேலைக்கு நண்பரின் வான் வண்டியில் போய்விடுவார். காலையில் அபியைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, நான் வேலை செய்கிற வெதுப்பகத்துக்குப் போய் வரத்தான் கார்.

முதல் நாள் இவர் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினார்.

"பெற்றோலும் கறண்டும் மாறி மாறி ஓடும். எப்ப எது ஓடுறதெண்டு அதுவே முடிவெடுக்கும். நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை."

ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம் பிடிக்கும். என்னை அறியாமல் ஏதோ பிழையாக நடந்துகொண்டிருக்கிறது என்று தோன்றும். அதனால் நான் நடுவில் இருந்த சின்னத் திரையைப் பார்க்கத் தொடங்கினேன். சக்கரம், எஞ்சின், பற்றரி மூன்றுக்கும் இடையில் அம்புக்குறிகள் ஓடும். கீழே ஓர் இலக்கம். அந்த இலக்கம்தான் கார் எவ்வளவு சிக்கனமாக ஓடுகிறது என்று சொல்கிறது என்றார் இவர்.

இரண்டு கிழமை கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன்.

"இண்டைக்கு நான் எட்டுத் தசம் ஒன்பது எடுத்தன்."

இவர் கையில் எடுத்த சோற்றைக் கோப்பையில் வைத்தார். "என்னது?"

"எட்டுத் தசம் ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஓடேக்க ஐஞ்சரைதானே வந்தது."

"இஞ்சேரும், நீர் கணக்கு ரீச்சர் எண்டு சொல்லித்தானே எனக்குக் கலியாணம் பேசினவை?"

ஊரில் நாங்கள் ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்றுதான் கேட்போம். கூடினால் நல்லது. இங்கே நூறு கிலோமீற்றர் ஓட எத்தனை லீற்றர் வேண்டும் என்று காட்டுகிறார்கள். குறைந்தால் நல்லது. நான் புதுக்குடியிருப்பில் இரண்டு வருடம் சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவள். நேர்மாறு விகிதசமன், நேர்விகிதசமன் என்று கரும்பலகையில் எழுதி எழுதிக் கை வெளுத்தவள். அந்த நான் இரண்டு கிழமையாக இலக்கத்தைக் கூட்டுவதற்காக அக்சிலறேற்றரை அமத்தி அமத்தி ஓடியிருக்கிறேன்.

இவர் சிரித்து முடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கிழமையில் எத்தனை லீற்றர் வீணாகியிருக்கும் என்று மனம் வகுத்துக்கொண்டிருந்தது.

3

என் அம்மா மருத்துவ மாது, பேறு பார்க்கிறவர். எங்கள் பக்கத்தில் அவரை மிசியம்மா என்பார்கள். எங்கள் கிராமம் புதுக்குடியிருப்பில் இருந்து நாலு மைல். அதைச் சுற்றியிருந்த குடியேற்றங்களில் யாருக்கு வயிற்றில் எத்தனை மாதம் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். அவரிடம் ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் இருந்தது.

போரால் எங்கள் பக்கத்துக்குப் பெற்றோல் தடை இருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தாங்கியில் இருப்பது மண்ணெண்ணெய். எஞ்சின் குளிர்ந்திருந்தால் மண்ணெண்ணெயில் பிடிக்காது. ஆகவே ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார்கள். அதில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். பிடித்தவுடன் மண்ணெண்ணெயைத் திறந்துவிட வேண்டும். வெள்ளைப் புகை தள்ளும், பிறகு ஓடும். இடையில் நின்றால் திரும்பப் பிடிக்குமென்று நிச்சயமில்லை. இன்னொரு தரம் துளி விட வேண்டிவரும். ஆகவே இரண்டு விதமாக மாறி மாறி ஓடுகிற வாகனம் எனக்குப் புதிதில்லை.

அம்மாவின் போத்தல் கண்ணுக்கு மருந்து விடுகிற போத்தல். மூடியைக் கழற்றிப் பிதுக்கினால் துளி துளியாக வரும். அதைத் தன் கிளினிக் பைக்குள், கத்தரிக்கோலுக்கும் நூலுக்கும் பக்கத்தில் வைத்திருப்பார். சந்தைக்கு நடந்து போவார். கோயிலுக்கு நடந்து போவார். அந்தப் போத்தலைப் பேறுகாலத்துக்கு மட்டும் எடுப்பார்.

உயர்தரப் பரீட்சைக்கு முன் கடைசி மாதிரிப் பரீட்சை புதுக்குடியிருப்பு ரியூசனில் நடந்தது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். அம்மா வெப்பமானி வைத்துப் பார்த்தார். பிறகு அதை உதறித் துடைத்து உறைக்குள் போட்டார்.

"போகத்தான் வேணுமோ?"

"போகாட்டி சேர் பெயர் வெட்டிப்போடுவார். மோட்டார் சைக்கிள்ல கொண்டுபோய் விடுங்கோவன் அம்மா."

"அது உனக்கு வைச்ச பெற்றோல் இல்லைப் பிள்ளை."

நடந்து போனேன். பரீட்சை எழுதினேன். திரும்பி வரும்போது பாதி வழியில், எதிரே வெள்ளைப் புகையோடு அம்மா வந்தார். என்னைக் கண்டதும் வேகம் குறையும் என்று நினைத்து வீதி ஓரத்தில் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தார். தலையை ஒருதரம் ஆட்டினார். நிற்காமல் போய்விட்டார்.

மலையகத்தில் இருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறியிருந்த ராசாத்தி அக்காவுக்குப் பேறுவலி. அவருடைய கணவர் வீட்டுக்கு ஓடி வந்து, "மிசியம்மா, சீக்கிரம் வாங்க, கால் வெளிய வந்துருச்சு" என்று அழுதாராம். ஆண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். அம்மா பின்னேரம் வந்து எனக்குக் கஞ்சி வைத்துத் தந்தார். அந்தச் சந்திப்பைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

அம்மா செய்தது பிழை என்று என்னால் சொல்ல முடியாது. சரி என்று சொல்லவும் இவ்வளவு காலமாக வாய் வரவில்லை.

4

கோடை முழுவதும் நான் அந்த இலக்கத்தைக் குறைக்கப் படித்தேன். காரோடு வந்த கைநூலை அகராதியோடு இருந்து வாசித்தேன்.

முதலில் விட்ட பிழை, இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டுக் காரை உருள விட்டது. ஊரில் குளக்கட்டு இறக்கம் வந்தால் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் இந்தக் காரில் கியரை எடுத்தால், சக்கரத்தில் இருந்து பற்றரிக்கு ஓடும் பச்சை அம்பு காணாமல் போய்விடுகிறது. கியரை எடுக்காமல் மெல்லமாகப் பிரேக் பிடித்தால், சக்கரம் சுற்றுகிற வேகத்தில் பற்றரிக்குக் கறண்ட் ஏறுகிறது. பிரேக் பிடித்து மிச்சம் பிடிக்கலாம் என்று கைநூல் சொன்னதை நான் மூன்று தரம் வாசித்த பிறகுதான் நம்பினேன்.

தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டால் காலை எடுத்துவிடப் பழகினேன். காரை மெதுவாகக் கிளப்பப் பழகினேன். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிக்கப் பழகினார்கள். ஆவணியில் ஒருநாள் நாலு தசம் ஒன்பது வந்தது. வெதுப்பகத்தின் வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நிம்மதி வந்து கனகாலம்.

அதே நாட்களில் ஊரில் இருந்து வந்த சேதிகள் வேறு மாதிரி. போர் மூண்டு, எங்கள் பக்கத்துக்கு வருகிற பாதை பூட்டி இரண்டு வருடம். பெற்றோல் மறுபடியும் துளிக் கணக்குக்கு வந்துவிட்டது. கிளிநொச்சிப் பக்கத்துச் சனம் உழவு மெசின்களில் சாமான்களை ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வருகிறது என்று அம்மா சொன்னார். மாதத்தில் ஒருதரம், கொஞ்ச நேரம்தான் அவரால் கதைக்க முடியும். பிறகு அதுவும் பிந்தியது.

ஐப்பசியில் இங்கே குளிர் தொடங்கியது. இலக்கம் ஏழு, எட்டு என்று ஏறியது. கார் பழுதாகிவிட்டதோ என்று பயந்து மறுபடி கைநூலைத் திறந்தேன். குளிரில் பற்றரி சோர்ந்துவிடுமாம். சின்னத் தூரம் ஓடினால் எஞ்சின் சூடாகி முடிக்கும் முன்பே பயணம் முடிந்துவிடுமாம். இன்னொன்று, ஹீற்றருக்கு வேண்டிய சூடு எஞ்சினில் இருந்துதான் வருகிறது. அதனால் ஹீற்றர் போட்டால், கார் சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் எஞ்சின் நிற்காமல் ஓடும்.

அடுத்த நாள் ஹீற்றரை நிறுத்திப் பார்த்தேன். விளக்கில் நின்றதும் எஞ்சின் அடங்கியது. ஒரு சத்தமும் இல்லை. அதன் பிறகு, நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுகிற சத்தத்தை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. யாரோ பெற்றோலை நிலத்தில் ஊற்றுகிற மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு எட்டு நிமிடம். எட்டு நிமிடம்தானே என்றுதான் தொடங்கினேன். பிள்ளைகளின் இருக்கையில் தடித்த மேலங்கியோடு பட்டி போடக்கூடாது, விபத்து நடந்தால் பட்டி இறுகாது என்று இங்கே விதி. நான் விதிகளை மீறுகிறவள் இல்லை. மேலங்கியைக் கழற்றிவிட்டுப் பட்டி போட்டு, மேலங்கியை அவளுக்கு மேலே போர்த்துவிடுவேன். முதல் திருப்பத்திலேயே அது கீழே விழுந்துவிடும். கையுறையை அவளே கழற்றி எறிந்துவிடுவாள்.

"அம்மா, கோல்ட்."

"இன்னும் ரெண்டு லைற்தான் செல்லம்."

கொஞ்சம் பொறுத்து, "நம்பர் குறைஞ்சிட்டுதோ?"

"குறையுது."

"குட்" என்பாள் அபி. அவளுக்குத் தமிழில் நூறு வரை எண்ணத் தெரியாது. திரையில் எந்த இலக்கம் வந்தால் அம்மாவின் முகம் மாறும் என்று தெரியும்.

5

படிவத்தை இவரிடம் மறைக்கத்தான் நினைத்தேன். குளிர்ப்பெட்டிக்கு மேல் வைத்ததை அவரே எடுத்துவிட்டார்.

"ஆர் இதை அனுப்பினது? எங்களைப் பாத்தா உடுப்பு இல்லாத ஆக்கள் மாதிரியோ தெரியுது?"

"உடுப்பில பிரச்சினை இல்லை."

"அப்ப?"

"நான் ஹீற்றர் போடுறேல்லை."

இவர் கதிரையை இழுத்து இருந்தார். "ஏன்?"

"போட்டா எஞ்சின் ஓடுது."

"எஞ்சின் ஓடத்தானே வேணும். அது கார், நிண்டு கிடக்கிற கட்டில் இல்லை."

இவர் மஞ்சள் துண்டை மறுபடி வாசித்தார். அவருடைய குரல் இறங்கிவிட்டது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"கிழமைக்கு எவ்வளவு மிச்சம் வருது? பாத்திருப்பீர்தானே."

பார்த்திருந்தேன். "முக்கால் லீற்றரும் வராது."

"ஒரு சோடாப் போத்தில்."

"ஓம்."

"ஒரு சோடாப் போத்திலுக்கு நீர் பிள்ளையை விறைக்க வைச்சிருக்கிறீர்."

அந்தச் சோடாப் போத்தல் அளவு பெற்றோலில் அம்மா எத்தனை வீட்டுக்குப் போவார் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இவரும் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்ப் புகை குடித்து வளர்ந்தவர்தான். இவருக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லையே, எனக்கு மட்டும் ஏன் என்று யோசித்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஹீற்றரைப் போட்டேன். முதல் விளக்கைப் பொறுத்துக்கொண்டேன். இரண்டாவது விளக்கில் என் கை தானாகப் போய் நிறுத்திவிட்டது. அபி கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். அதைக் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்தும் போடவில்லை.

வகுப்பு வாசலில் நிரப்பாத படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வழியெல்லாம் மனத்துக்குள் கட்டிய வசனங்கள் ஆசிரியையின் முகத்தைக் கண்டதும் உடைந்துவிட்டன. "வீ ஹாவ் கோட். வீ ஹாவ் ஹீற்றர். ஒன்லி, ஐ டோன்ற் புற்" என்றேன். அவர் மிகவும் அன்பாக என் முழங்கையைத் தொட்டார். அபியின் விரல்களைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தார். நான் திரும்பிப் பார்க்கும்போது மேசையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என்ன எழுதினார், யாருக்கு எழுதினார் என்று அன்று முழுக்கப் பாண் அடுக்கியபடி யோசித்தேன். பிள்ளையைச் சரியாகப் பார்க்காதவர்களின் வீட்டுக்கு அரசாங்கத்தில் இருந்து ஆட்கள் வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வந்தால் என்ன சொல்வது?

6

சனிக்கிழமை காலை அம்மா தொலைபேசியில் எடுத்தார். ஏழு கிழமைக்குப் பிறகு.

"பிள்ளை, கேக்குதோ?"

"கேக்குது அம்மா. எங்க நிக்கிறியள்?"

"புதுக்குடியிருப்பிலதான். பின்னால இருவது பேர் நிக்கினம், கெதியாக் கதை. சுகமோ எல்லாரும்?"

"சுகம். நீங்கள் வேலைக்குப் போறனீங்களோ?"

"போகாம? இஞ்ச இப்ப மரத்துக்கு மரம் சனம். நாலு நாளில மூண்டு பிள்ளை பிறந்திட்டுது."

"எதில போறியள்?"

"சைக்கிள்தான். மோட்டார் சைக்கிள் சும்மா நிக்குது. மண்ணெண்ணெய் விளக்குக்கே காணாது."

கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "போத்தில்?"

"கிடக்கு. பாதி கிடக்கு. தேவை வரும்."

அதற்குள் அபி வந்து தொலைபேசியைப் பறித்துவிட்டாள். பேச விட்டால் வாய் திறக்காத பிள்ளை, அன்றைக்கு மூச்சு விடாமல் சொன்னாள். "அம்மம்மா, எங்கட கார் கோல்ட். அம்மா ஹீற்றர் போடமாட்டா. போட்டா நம்பர் கூடும்."

திருப்பி வாங்கினேன். அம்மாவின் குரல் மாறியிருந்தது.

"ஏன் பிள்ளை குளிருதெண்டு சொல்லுது? கார் பழுதோ?"

"இல்லை அம்மா. நான்தான் பெற்றோலை மிச்சம் பிடிக்கிறன்."

"அங்கையும் பெற்றோல் இல்லையோ?"

"இருக்கு."

"பிறகு ஆருக்கு மிச்சம் பிடிக்கிறாய்?"

அங்கே சொல்வது இங்கே வர ஒரு கணம் பிந்தும். நான் பதில் சொல்லாமல் நின்றதை அந்தப் பிந்தல் என்று அவர் நினைத்திருக்கலாம். பின்னால் யாரோ நேரமாகிவிட்டது என்று சொல்வது கேட்டது.

"உனக்கு அண்டைக்கு நூற்றி ரெண்டு" என்றார் அம்மா.

"என்ன அம்மா?"

"காய்ச்சல். ரியூசனுக்கு நடந்து போன அண்டைக்கு. நூற்றி ரெண்டு. றோட்டில நீ நிண்டனி."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

"அவளுக்குப் பிள்ளை கால் மாறி வந்து கிடந்தது. நிப்பாட்டினா, திரும்ப எடுக்கிறதுக்குப் போத்திலில ஒண்டும் இல்லை. நிப்பாட்டேலாமப் போனனான் பிள்ளை. உனக்கு என்ன வந்தது?"

அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. திரும்ப எடுக்க எங்களிடம் இலக்கம் இல்லை. அங்கிருந்து வந்தால்தான் உண்டு.

7

திங்கட்கிழமை காலை கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டிவிட்டு, அபியின் மேலங்கியைக் கழற்றி, பட்டி போட்டு, ஹீற்றரைப் போட்டேன். எஞ்சின் இரைந்தது. முதல் இரண்டு நிமிடம் குளிர்காற்றுத்தான் வந்தது, பிறகு சூடு வந்தது.

"அம்மா, செவன்" என்றாள் அபி பின்னால் இருந்து. அடுத்த சந்தியில், "அம்மா, எய்ற்." குரலில் பயம் இருந்தது. இலக்கம் கூடினால் அம்மாவுக்கு ஏதோ நடக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு நான்தான் பழக்கியிருக்கிறேன்.

"கூடட்டும்" என்றேன். "அதைப் பாக்காதேங்கோ. வெளியில பாருங்கோ, நாய் ஒண்டு சட்டை போட்டுக்கொண்டு போகுது."

அவள் நாயைப் பார்த்தாள். நான் இரண்டு தரம் திரையைப் பார்த்தேன். எட்டுத் தசம் நாலு.

அம்மா அதன் பிறகு எடுக்கவில்லை. இன்றைக்குப் பதினொரு நாள். அந்தப் பாதிப் போத்தல் எந்த மரத்தின் கீழ் இருக்கிறதோ, யாருக்காக இருக்கிறதோ. நான் இங்கே மிச்சம் பிடிக்கிற ஒரு துளியும் அதற்குள் போய்ச் சேராது. இது எனக்கு முதலே தெரியாதா என்று கேட்டால், தெரியும். ஆனால் கைக்குத் தெரியாது. அது இன்னும் போகிறது. போகிற ஒவ்வொரு தரமும் இழுத்து எடுக்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமை இரண்டாவது விளக்கில் சிவப்பு விழுந்தது. கார் நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. கை வழக்கமான இடத்துக்குப் போகப் பார்த்தது. அதைப் பின்னால் நீட்டி அபியின் விரல்களைத் தேடிப் பிடித்தேன். சூடாக இருந்தன. பச்சை விழும்வரை, நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைக் கேட்டபடி, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.